நாய், பூனை நஞ்சு தின்றால்: சிகிச்சை எப்படி நடக்கிறது, ஏன் அந்த வரிசையில்

ரத்தம் உறையாமல் செய்யும் எலி விஷம் தின்ற நாய் அன்று மாலை வழக்கம்போல வாலாட்டிக்கொண்டு சாப்பிடும். மறுநாளும் ஓடி விளையாடும். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோதான் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும். அப்போது மருத்துவமனைக்கு வந்தால் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். சில சமயம் அதுவும் பலிக்காது. முதல் நாளே வந்திருந்தால் வாந்தி எடுக்க வைத்து, இரண்டாம், மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை செய்து, பல நேரம் அத்தோடு முடித்திருக்கலாம். இரண்டிலும் நஞ்சு ஒன்று, அளவும் ஒன்று. வேறுபட்டது நேரம் மட்டும்தான்.

நஞ்சு சிகிச்சையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இதைத்தான். விலங்கு நன்றாக இருப்பதுபோலத் தெரியும் அந்த இடைவெளிதான் மருத்துவருக்குக் கிடைக்கும் மிக நல்ல நேரம். நஞ்சு இன்னும் இரைப்பையில் கிடக்கிறது, அல்லது ரத்தத்தில் இருந்தாலும் உறுப்பைக் கெடுக்கவில்லை என்பதுதான் அந்த அமைதிக்குப் பொருள். "ஏதாவது ஆனால் கூட்டிப்போகலாம்" என்று காத்திருப்பவர்கள் இந்த நேரத்தைத்தான் இழக்கிறார்கள்.

இன்னொரு நம்பிக்கையையும் தொடக்கத்திலேயே விலக்கிவிட வேண்டும். ஒவ்வொரு விஷத்துக்கும் ஒரு முறிமருந்து உண்டு, அதைப் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முறிமருந்து உள்ள நஞ்சுகள் மிகச் சில. மற்றவற்றில் சிகிச்சை என்பது மூன்று வேலைகள்: உயிரைத் தாங்கிப் பிடிப்பது, உள்ளே போனது மேலும் ரத்தத்தில் கலக்காமல் தடுப்பது, கலந்துவிட்டதை உடலே வெளியேற்றும் வரை உறுப்புகளைக் காப்பது.

வீட்டில் செய்யக்கூடியது, செய்யக்கூடாதது

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். விலங்கை அந்த இடத்திலிருந்து அகற்றுங்கள். மிச்சம் இருப்பதை மற்ற விலங்குகளுக்கு எட்டாமல் வையுங்கள். பொட்டலம், அட்டை, மாத்திரைப் பட்டை, செடியின் கிளை என எது கிடைத்தாலும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். தானாக வாந்தி எடுத்திருந்தால் அதில் கொஞ்சத்தை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். எத்தனை மணிக்குத் தின்றது, அதிகபட்சம் எவ்வளவு தின்றிருக்கலாம், விலங்கின் எடை என்ன என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு மருத்துவரை அழைத்துவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு நாய்கள் இருந்து எது தின்றது என்று தெரியாவிட்டால், ஒவ்வொன்றும் முழுவதையும் தின்றதாகவே கணக்கிட வேண்டும்.

பொட்டலம் ஏன் இவ்வளவு முக்கியம்? எலி விஷம் என்பது ஒரே பொருள் அல்ல. ரத்தம் உறையாமல் செய்வது ஒன்று. மூளையை வீங்க வைப்பது (புரோமெத்தலின்) ஒன்று. ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடுவது (கோலிகால்சிஃபெரால்) ஒன்று. இரைப்பை அமிலத்தோடு சேர்ந்து நச்சு வாயுவாக மாறுவது (சிங்க் பாஸ்பைடு) ஒன்று. வில்லையின் நிறத்தை வைத்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. ஒன்றுக்கு உயிர் காக்கும் மருந்து இன்னொன்றுக்குக் கொஞ்சமும் பயன்படாது.

செய்யக்கூடாதவை இதைவிட முக்கியம். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ரத்தத்தில் சோடியம் தாறுமாறாக ஏறி, அதுவே வலிப்பையும் மரணத்தையும் கொண்டுவரும். தொண்டைக்குள் விரல் விடுவதால் காயம்தான் மிச்சம். பால் எந்த நஞ்சையும் முறிக்காது. கொழுப்பில் கரையும் நஞ்சாக இருந்தால் எண்ணெய் அதை இன்னும் வேகமாக உள்ளே இழுத்துச் செல்லும். புகட்டும்போது நுரையீரலுக்குள் போய்விட்டால் நிமோனியாவும் வரும். கருகிய ரொட்டியோ அடுப்புக் கரியோ மருத்துவக் கரியின் வேலையைச் செய்யாது.

3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பற்றி இணையத்தில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. மருத்துவமனை வெகு தொலைவில் இருக்கும்போது, நாய்க்கு மட்டும், கிலோவுக்கு 1 முதல் 2 மில்லி என்ற கணக்கில், எவ்வளவு பெரிய நாயானாலும் 45 மில்லிக்கு மேல் போகாமல் கொடுக்கும்படி மருத்துவரே தொலைபேசியில் சொல்வதுண்டு. அவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். அது வாந்தியை வரவைப்பதே இரைப்பைச் சுவரை எரித்துத்தான். பூனைக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது; ரத்தம் கசியும் இரைப்பைப் புண் வந்துவிடும்.

நஞ்சு தோலில் பட்டிருந்தால் நக்கவிடாமல் துண்டில் சுற்றிக் கொண்டுபோங்கள். கண்ணில் பட்டிருந்தால் வெதுவெதுப்பான சுத்தமான தண்ணீரால் 15 முதல் 20 நிமிடம் கழுவ வேண்டும். சிங்க் பாஸ்பைடு என்று சந்தேகம் இருந்தால் வழியில் எதுவும் ஊட்டாதீர்கள். உணவு அமிலத்தைத் தூண்டி வாயுவை அதிகரிக்கும். விலங்கு வண்டியில் வாந்தி எடுத்தால் எழும் வாயு மனிதரையும் தாக்கும். சன்னல்களைத் திறந்தே வையுங்கள்.

மருத்துவமனையில் முதல் சில நிமிடங்கள்

"விஷம் என்ன என்று கண்டுபிடிக்காமல் என்னவோ செய்கிறார்களே" என்று உரிமையாளருக்குத் தோன்றும். ஆனால் நஞ்சின் பெயரைத் தெரிந்துகொள்ளும் முன் விலங்கு இறந்துவிட்டால் பெயரால் பயனில்லை. மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா, காற்று போய்வருகிறதா, ரத்த ஓட்டம் போதுமா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். கால் ரத்தக்குழாயில் ஊசிக்குழாய் பொருத்தி, சலைன் தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்து வைப்பார்கள். சிகிச்சைக்குப் பிறகு எடுத்த ரத்தத்தை வைத்து, தொடக்கத்தில் சிறுநீரகமும் சர்க்கரையும் எப்படி இருந்தன என்று சொல்ல முடியாது.

வலிப்பு இருந்தால் டயாசிபாம் கிலோவுக்கு 0.5 மி.கி. ரத்தக்குழாய் வழியே, ரத்தக்குழாய் கிடைக்காவிட்டால் ஆசனவாய் வழியாக அதன் இரு மடங்கு. உடல் வெப்பநிலை தனிக்கவனம் கேட்கும். நாய்க்கும் பூனைக்கும் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. ஓயாத நடுக்கத்திலும் வலிப்பிலும் அது 41-ஐத் தாண்டும். அந்தச் சூடே மூளையையும் குடலையும் வேகவைக்கும். ஈரத்துணியும் விசிறியும் வைத்துக் குளிர்விப்பார்கள். 39.5 அருகில் வந்ததும் நிறுத்திவிட வேண்டும்; இல்லையென்றால் அது தானாக மேலும் இறங்கி உடல் சில்லிட்டுப்போகும்.

இதற்கிடையில் உடலே சில துப்புகளைத் தரும். எச்சில் ஒழுகி, கண்மணி சுருங்கி, தசை துடித்து, கழிச்சலும் இருந்தால் பூச்சிக்கொல்லியை நினைக்க வேண்டும். பூனையின் ஈறு பழுப்பாகவும் முகம் வீங்கியும் இருந்தால் பாராசிட்டமால். நாய் தள்ளாடி விழுந்து, ரத்தச் சர்க்கரை அளவு அதலபாதாளத்தில் இருந்தால் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு). இவை ஊகங்கள்தான், ஆனால் அடுத்து எதைச் சோதிப்பது என்பதை இவைதான் தீர்மானிக்கும்.

வாந்தி: எப்போது, எப்போது கூடாது

விழுங்கி 1 முதல் 2 மணி நேரத்துக்குள் இருந்தால், விலங்கு தெளிவாக நின்று விழுங்கும் நிலையில் இருந்தால், வாந்தி எடுக்க வைப்பது நல்ல பலன் தரும். சாக்லேட், திராட்சை போன்றவை இரைப்பையில் நீண்ட நேரம் தங்குவதால் 4 முதல் 6 மணி நேரம் கழித்தும் முயல்வதுண்டு. நாய்க்கு அபோமார்ஃபின் ஊசி, கிலோவுக்கு 0.03 மி.கி. அளவில், சில நிமிடங்களில் வேலை செய்யும். கண்ணில் விடும் ரோபினிரோல் சொட்டுமருந்தும் நாய்களுக்கு உண்டு. பூனைக்கு அபோமார்ஃபின் சரியாக எடுபடாது. அதற்கு டெக்ஸ்மெடிடோமிடின் அல்லது சைலசின் ஊசி போடுவார்கள். மயக்கம் தரும் மருந்துகள் இவை. வாந்தி வந்ததும் மாற்று ஊசி போட்டுத் தெளிய வைக்கலாம்.

வெறும் வயிற்றைவிடச் சிறிது உணவு உள்ள வயிறு நன்றாகக் கக்கும். எப்படிக் கக்கினாலும் இரைப்பையில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான் வெளியே வரும். "எல்லாம் வந்துவிட்டது" என்று வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

அமிலம், காரம், கழிப்பறை சுத்திகரிப்பான் போன்ற அரிப்புப் பொருள்களை விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; இறங்கும்போது ஒருமுறை எரித்த உணவுக்குழாயை ஏறும்போது மறுமுறை எரிக்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய் வகைகளிலும் கூடாது. அவை மெல்லிய திரவங்கள், கக்கும்போது ஒரு துளி நுரையீரலில் போனாலும் அங்கே பரவிவிடும். நினைவு மங்கியிருந்தாலோ வலிப்பு வந்தாலோ வரப்போவதாகத் தெரிந்தாலோ கூடாது. தட்டை முகம் கொண்ட நாய் இனங்களில் மூச்சுப்பாதை ஏற்கெனவே குறுகியது என்பதால் மருத்துவர் இரண்டு முறை யோசிப்பார்.

வாந்தி சாத்தியமில்லை, ஆனால் நஞ்சின் அளவு உயிரை எடுக்கக்கூடியது என்றால் இரைப்பையைக் கழுவுவார்கள். முழு மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயில் காற்றடைத்த குழாய் செருகிய பிறகே இது நடக்க வேண்டும். கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு விட்டு எடுப்பார்கள், வரும் நீர் தெளியும் வரை.

மருத்துவக் கரி

ஆக்டிவேட்டட் சார்கோல் எனப்படும் கரித்தூள் எண்ணற்ற நுண்துளைகள் கொண்டது. நஞ்சின் மூலக்கூறுகள் அதன் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். குடலால் உறிஞ்சப்படாமல் மலத்தோடு வெளியேறும். முதல் அளவு கிலோவுக்கு 1 முதல் 2 கிராம். சில நஞ்சுகள் கல்லீரலுக்குப் போய்ப் பித்தநீரோடு மீண்டும் குடலுக்கு வந்து மீண்டும் உறிஞ்சப்படும். அவற்றுக்கு 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதி அளவில் திரும்பக் கொடுப்பார்கள். முதல் வேளைக் கரியில் பேதிக்காக சார்பிட்டால் கலந்திருக்கலாம். தொடரும் வேளைகளில் அது இருக்கக் கூடாது. இருந்தால் குடல் உடலின் நீரை உறிஞ்சி, சோடியம் அபாயகரமாக ஏறும்.

கரியை எல்லா விஷத்துக்குமான மருந்தாக நினைப்பது பரவலான தவறு. ஆல்கஹால், எத்திலீன் கிளைகால் (வண்டி ரேடியேட்டரின் உறைதடுப்புத் திரவம்), இரும்பு, ஈயம் முதலிய உலோகங்கள், அமிலம், காரம் எதையும் அது பிடித்துவைக்காது. சைலிட்டாலை மிகக் குறைவாகவே பிடிக்கும். இவற்றில் கரி கொடுத்தால் ஆபத்து மட்டும்தான் மிஞ்சும். அந்த ஆபத்து சிறியதல்ல: வாந்தியின்போது கரி நுரையீரலில் போனால் அதை வெளியே எடுக்க வழியே இல்லை. அதனால்தான் வாந்தியை அடக்கும் மாரோபிட்டன்ட் ஊசியை முதலில் போட்டுவிட்டுக் கரியைக் கொடுப்பார்கள். அரை மயக்கத்தில் இருக்கும் விலங்குக்குக் கொடுக்கவே மாட்டார்கள். அதன்பின் ஓரிரு நாள் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

ரத்தத்தில் கலந்த பிறகு

"நிறைய சலைன் ஏற்றினால் விஷம் கழுவிக்கொண்டு போய்விடும்" என்பது பாதி உண்மை. சிறுநீரகம் வழியாக வெளியேறும் நஞ்சுக்கும், சிறுநீரகத்தையே தாக்கும் நஞ்சுக்கும் சலைன் உதவும். மற்றவற்றில் ரத்த ஓட்டத்தையும் நீர்ச்சத்தையும் காக்கும் அளவே போதும். பூனையின் உடல் கூடுதல் நீரைத் தாங்காது. அளவு மீறினால் நுரையீரலில் நீர் கோக்கும்.

கொழுப்பில் கரையும் நஞ்சுகளுக்கு 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை ரத்தக்குழாய் வழியே ஏற்றும் முறை உண்டு. முதலில் கிலோவுக்கு 1.5 மில்லி, பிறகு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மில்லி வீதம் அரை மணி முதல் ஒரு மணி நேரம். ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பு, மூளையிலும் இதயத்திலும் இருக்கும் நஞ்சைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். ஒட்டுண்ணி மருந்தான ஐவர்மெக்டினால் வரும் நஞ்சில் இது பலமுறை கைகொடுத்திருக்கிறது. கோலி போன்ற மேய்ப்பு நாய் இனங்களில் மூளைக்குள் மருந்து புகாமல் தடுக்கும் புரதத்தின் மரபணு பழுதாக இருப்பதுண்டு. மற்ற நாய்களை ஒன்றும் செய்யாத ஐவர்மெக்டின் அளவே அவற்றை நாள்கணக்கில் நினைவிழக்கச் செய்யும். ஆனால் இந்தக் கொழுப்பு, வலிப்பை அடக்கக் கொடுத்த மருந்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளலாம். கணைய அழற்சியும் வரலாம். எல்லோருக்கும் போடும் ஊசியல்ல.

முறிமருந்து உள்ள நான்கு

ரத்தம் உறையாமல் செய்யும் எலி விஷத்தில் (புரோடிஃபாகோம், புரோமாடியோலோன் போன்றவை) தொடங்கலாம். ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் வைட்டமின் கே-யைக் கொண்டு செய்கிறது. பயன்பட்ட வைட்டமினை மீண்டும் பயனுக்குக் கொண்டுவரும் நொதியை இந்த விஷம் முடக்குகிறது. எண்ணெய் ஊற்றுவதை நிறுத்திய பிறகும் திரியில் ஊறியது தீரும்வரை விளக்கு எரிவதுபோல, ரத்தத்தில் ஏற்கெனவே உள்ள புரதங்கள் தீரும்வரை நாய் நன்றாக இருக்கும். தீர்ந்ததும் ரத்தம் கசியும். பெரும்பாலும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ கசிவதால் வெளியே ஒரு துளியும் தெரியாது. மூச்சுத் திணறலாகவோ சோர்வாகவோதான் தெரியும்.

முறிமருந்து வைட்டமின் கே1. கே3 வேலைக்கு ஆகாது, அதற்கே நச்சுத்தன்மை உண்டு. நாளொன்றுக்குக் கிலோவுக்கு 2.5 முதல் 5 மி.கி., கொழுப்புள்ள உணவோடு, 3 முதல் 4 வாரம் வரை. கொழுப்பு இல்லாமல் கொடுத்தால் பெரும்பகுதி உறிஞ்சப்படாது. ரத்தக்குழாய் வழியே போட்டால் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி வரலாம் என்பதால் வாய்வழியே விரும்பப்படுகிறது. மாத்திரை தொடங்கிப் புதிய புரதங்கள் உருவாக 6 முதல் 12 மணி நேரமாகும். ஏற்கெனவே ரத்தம் கசியும் விலங்கு அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது; அதற்குப் பிளாஸ்மாவோ முழு ரத்தமோ ஏற்ற வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்று இங்கே உண்டு. தின்ற உடனே வாந்தி எடுக்க வைத்த நாய்க்குப் பாதுகாப்புக்காக ஒரு கே1 ஊசி போட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து உறைதல் நேரத்தைச் சோதித்தால் அது இயல்பாகவே இருக்கும். அது ஊசியின் பலன். நஞ்சு இல்லை என்பதற்கு அது சான்றாகாது. எனவே ஒன்று, கே1 கொடுக்காமல் 48 மணியிலும் 72 மணியிலும் சோதிக்க வேண்டும். அல்லது கொடுக்கத் தொடங்கினால் முழுக் காலமும் கொடுத்தே ஆக வேண்டும். இரண்டும் கெட்ட நடுவழி ஆபத்தானது.

பாராசிட்டமால், பூனை வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் அஞ்ச வேண்டிய மாத்திரை. இதைக் கழிவாக்கி வெளியேற்றும் கல்லீரல் நொதி பூனையில் மிகக் குறைவு. கிலோவுக்கு 10 மி.கி. கூடப் பூனைக்கு நஞ்சாகலாம். 4 கிலோ பூனைக்கு ஒரு 500 மி.கி. மாத்திரை என்றால் கிலோவுக்கு 125 மி.கி.: பன்னிரண்டு மடங்கு. காய்ச்சலுக்கென்று அன்போடு கால் மாத்திரை கொடுத்தாலே உயிர் போகலாம். வெளியேறாத மருந்து நச்சுத் துணைப்பொருளாக மாறி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி ஹீமோகுளோபினைப் பழுப்பாக்கிவிடும். நாயில் இது பெரும்பாலும் கல்லீரலைத் தாக்கும், அளவும் இதைவிடப் பல மடங்கு தேவைப்படும். முறிமருந்து அசிட்டைல்சிஸ்டீன்: முதல் அளவு கிலோவுக்கு 140 மி.கி., பிறகு 6 மணிக்கொருமுறை 70 மி.கி. நச்சுப் பொருளைப் பிணைத்து அடக்கும் குளுட்டாதயோனைக் கல்லீரல் மறுபடி உருவாக்க இது மூலப்பொருள் தருகிறது.

எத்திலீன் கிளைகால் வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் உறைதடுப்புத் திரவத்தில் உள்ளது. பூனைக்குக் கிலோவுக்கு சுமார் 1.5 மில்லி போதும் உயிரை எடுக்க. அப்படியே இருக்கும்போது அது போதை மட்டும் தரும். கல்லீரல் நொதி அதை உடைத்து உண்டாக்கும் அமிலங்கள்தான் கொல்பவை. இறுதியில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் சிறுநீரகக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும். எனவே முறிமருந்தான ஃபோமிபிசோல் அந்த நொதியைத்தான் பூட்டுகிறது. நாய்க்கு 8 முதல் 12 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நம்பிக்கை உண்டு. பூனைக்கு அவகாசம் 3 மணி நேரம்தான், மருந்தும் நாயைவிடப் பல மடங்கு வேண்டும். ஃபோமிபிசோல் கிடைக்காத இடத்தில் எத்தனாலை ரத்தக்குழாய் வழியே ஏற்றி அதே நொதியை வேறு வேலையில் ஈடுபடுத்துவார்கள். சில மணி நேரத்தில் தள்ளாட்டம் தெளிந்ததும் "சரியாகிவிட்டது" என்று நினைத்துவிடுவார்கள். அந்தத் தெளிவுக்குப் பின்தான் சிறுநீரகம் நிற்கிறது.

நான்காவது, ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லிகள். நரம்பு முனையில் சமிக்ஞையைக் கடத்தும் அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியை இவை முடக்க, சமிக்ஞை ஓயாமல் ஓடும். மூச்சுக்குழாயில் சளி நிறைந்து விலங்கு தன் நீரிலேயே மூழ்குவதுதான் மரணத்துக்குக் காரணம். அட்ரோபின் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மி.கி. கொடுத்து, கால்பங்கை ரத்தக்குழாயிலும் மீதியைத் தசையிலோ தோலடியிலோ போடுவார்கள். எப்போது போதும் என்பதை மூச்சுக்குழாய்ச் சளி வற்றுவதையும் இதயத் துடிப்பு ஏறுவதையும் வைத்துத் தீர்மானிக்க வேண்டும். கண்மணி விரிகிறதா என்று பார்த்துக்கொண்டே ஊசியை ஏற்றினால் குடல் அசைவற்று உப்பிவிடும். அட்ரோபின் தசைத் துடிப்பை நிறுத்தாது. அதற்கு, ஆர்கனோபாஸ்பேட் என்றால், பிராலிடாக்சிம் வேண்டும். நொதியும் நஞ்சும் இறுகிப் பிணையும் முன் அதைக் கொடுத்தால்தான் பிரிக்க முடியும், ஆகவே முதல் நாளிலேயே.

முறிமருந்து இல்லாதவை

சாக்லேட்டில் இருப்பது தியோபுரோமின். நாயின் உடலில் அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 17 மணி நேரம் எடுக்கும். கிலோவுக்கு 20 மி.கி. அளவில் வாந்தியும் பரபரப்பும், 40 முதல் 50-இல் இதயத் துடிப்புக் கோளாறு, 60-இல் வலிப்பு. பால் சாக்லேட்டில் கிராமுக்கு சுமார் 2 மி.கி., கறுப்புச் சாக்லேட்டில் 5, சமையலுக்கான சர்க்கரை சேர்க்காத சாக்லேட்டில் 14 அல்லது அதற்கும் மேல். 10 கிலோ நாய் 100 கிராம் பால் சாக்லேட் தின்றால் கிலோவுக்கு 20 மி.கி.; அதே 100 கிராம் கறுப்புச் சாக்லேட் என்றால் 50. கணக்கைப் போட்டுப் பார்த்தால் எங்கே ஓட வேண்டும், எங்கே கவனித்தால் போதும் என்பது தெரியும். சிகிச்சையில் ஒரு சின்ன விஷயம் பெரிய வேறுபாடு செய்யும்: தியோபுரோமின் சிறுநீர்ப்பையிலிருந்து மீண்டும் ரத்தத்துக்குப் போகக்கூடியது. எனவே நாயை அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்க வேண்டும், முடியாவிட்டால் குழாய் போட வேண்டும்.

சர்க்கரையில்லாத சூயிங் கம், இனிப்பு, சில வகை வேர்க்கடலை வெண்ணெய் ஆகியவற்றில் உள்ள சைலிட்டால் நாயின் கணையத்தை ஏமாற்றி இன்சுலினைக் கொட்ட வைக்கும். கிலோவுக்கு 0.1 கிராமில் சர்க்கரை சரியும், பல நேரம் அரை மணியிலேயே. சூயிங் கம்மாக இருந்தால் 12 மணி நேரம் வரை தாமதமாகலாம். 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரலே செயலிழக்கலாம். குளுக்கோஸ் ஏற்றி, மணிக்கு ஒருமுறை சர்க்கரையைச் சோதித்து, மூன்று நாள் வரை கல்லீரல் அளவுகளைப் பார்ப்பார்கள்.

திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைத் தாக்கும். டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்பது 2021-இல் முன்வைக்கப்பட்ட கருத்து. எந்த நாய்க்கு எவ்வளவு தீங்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், தின்றது தெரிந்தால் வாந்தி, பிறகு இரண்டு நாள் சலைன் என்பதே பாதுகாப்பான வழி. பூனைக்கு லில்லி இதைவிடக் கொடியது. உண்மையான லில்லி, டே லில்லி ஆகியவற்றின் இலை, பூ, பூஞ்சாடித் தண்ணீர், உடலில் ஒட்டிய மகரந்தத்தை நக்குவது, எல்லாமே சிறுநீரகத்தை ஓரிரு நாளில் அழிக்கும். 18 மணி நேரத்துக்குள் சலைன் தொடங்கி 48 முதல் 72 மணி நேரம் தொடர்ந்தால் பெரும்பாலும் பிழைக்கும். சிறுநீர் நின்ற பிறகு வந்தால் வாய்ப்பு மிகக் குறைவு.

முதல் நாள் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவின் ரத்த அளவு) இயல்பாக இருக்கிறது என்று நிம்மதி அடையக் கூடாது. சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகுதான் அந்த எண் ஏறத் தொடங்கும். அதனால்தான் 24, 48, 72 மணிகளில் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள்.

பூனையைப் பற்றித் தனியாக

நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடுவது மிகவும் தவிர்க்கக்கூடிய விபத்து. முதுகில் விடும் சில சொட்டுமருந்துகளில் பெர்மெத்ரின் 45 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். நாய்க்கு அது ஒன்றும் செய்யாது. பூனையின் கல்லீரலால் அதைக் கையாள முடியாது. சில மணி நேரத்தில் காது துடிக்கும், பிறகு உடல் முழுதும் நடுங்கும், வலிப்பு வரும். மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலே சில பூனைகளுக்கு வந்துவிடும்.

சிகிச்சையில் வரிசை முக்கியம். முதலில் மெத்தோகார்பமால் ஊசியால் நடுக்கத்தை அடக்க வேண்டும். பிறகுதான் பாத்திரம் கழுவும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு குளிப்பாட்டுவது; வெந்நீர் தோலின் ரத்த ஓட்டத்தைக் கூட்டி மருந்தை மேலும் உள்ளே இழுக்கும், குளிர்ந்த நீர் நடுக்கத்தைக் கூட்டும். உடனே துவட்டி உலர்த்தி வெதுவெதுப்பாக வைக்க வேண்டும். சூடு தாழ்ந்தால் நரம்புகள் இன்னும் அதிகம் துடிக்கும். டயாசிபாம் மட்டும் கொடுத்தால் இந்த நடுக்கம் பல சமயம் அடங்காது. இரண்டு மூன்று நாள் தாங்கிப் பிடித்தால் பெரும்பாலான பூனைகள் முழுமையாக மீளும். முறிமருந்தே இல்லாத நஞ்சில் நல்ல பராமரிப்பு எவ்வளவு செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு

எலி விஷத்துக்கு மாத்திரை தின்னும் நாயை அந்த வாரங்கள் முழுவதும் குதிக்கவோ சண்டையிடவோ விடக் கூடாது. சின்ன அடி கூட உள்ளே கசியலாம். நாய் துள்ளுகிறதே என்று பத்தாம் நாளில் மாத்திரையை நிறுத்துவதால்தான் இரண்டாவது முறை ரத்தக்கசிவோடு வருகின்றன. இந்த வகை விஷம் கல்லீரலில் வாரக்கணக்கில் தங்கியிருக்கும். கடைசி மாத்திரை கொடுத்து 48 முதல் 72 மணி நேரம் கழித்து உறைதல் நேரத்தைச் சோதிக்க வேண்டும். அதற்கு முன் சோதித்தால் மாத்திரையின் பலன் இன்னும் மிச்சமிருக்கும். அதற்குப் பின் தள்ளிப்போட்டால், விஷம் மீதி இருக்கும் நாய்க்குக் கசிவு தொடங்கிவிடலாம். உறைதல் நேரம் நீண்டிருந்தால் இன்னும் ஒரு வாரம் மாத்திரை, பிறகு மறுபடி அதே சோதனை.